ரைன் வழியே ஒரு சரக்குத் தடம்: ராட்டர்டாம் முதல் ஆல்ப்ஸின் மறுபுறம் வரை

திங்கள், ராட்டர்டாம்: மாஸ்ஃப்ளாக்தே

வட கடலோரம் வந்திறங்கும் ஒரு கண்டெய்னர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தைச் சென்றடைய நெடுஞ்சாலை, ரைன் ஆறு, ரயில் பாதை என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கில், சில இடங்களில் கூப்பிடு தூரத்தில், அருகருகே செல்கின்றன. ஆனால் ஒரே சரக்கை ஒரே ஊருக்குக் கொண்டுசேர்க்க ஒவ்வொன்றுக்கும் ஆகும் எரிசக்தி பெரிதும் வேறுபடுகிறது. தண்டவாளத்தின் மேல் உருளும் எஃகுச் சக்கரம் சந்திக்கும் தடை, தார்ச்சாலையில் உருளும் ரப்பர் சக்கரம் சந்திக்கும் தடையில் சிறு பங்குதான். இது எல்லோருக்கும் தெரிந்த இயற்பியல். அப்படியிருந்தும் சரக்கில் இத்தனை பெரிய பங்கு ஏன் லாரியைத் தேடிப் போகிறது என்ற கேள்விக்கு அந்தத் தடத்திலேயே போய் விடை தேட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்தக் குறிப்புகளை அந்தந்த நாள் மாலையிலேயே எழுதிப் பதிகிறேன்.

ராட்டர்டாம் துறைமுகம் நகரத்திலிருந்து கடல் வரை 40 கி.மீ.க்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கு முனையில், கடலுக்குள் மணல் கொட்டி உருவாக்கப்பட்டு 2013-இல் திறக்கப்பட்ட இரண்டாம் மாஸ்ஃப்ளாக்தேயில் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வந்து அணைகின்றன. போர்ட்லாண்டிஸ் என்னும் பார்வையாளர் மையத்தின் உயரத்திலிருந்து பார்த்தபோது முனையத் தளத்தில் ஆள் நடமாட்டமே தெரியவில்லை. கிரேன் கப்பலிலிருந்து பெட்டியை இறக்க, ஓட்டுநர் அறையே இல்லாத தட்டையான வண்டியொன்று அதன் அடியில் வந்து நின்று, சுமையை ஏற்றுக்கொண்டு அடுக்குமிடத்தை நோக்கித் தானாகவே நகர்ந்து போகிறது. மின்னூட்டம் குறைந்தால் அது பேட்டரி மாற்றும் கூடத்துக்குத் தானே சென்றுவிடுகிறது. அங்கே தீர்ந்த பேட்டரியை இயந்திரம் உருவிவிட்டு நிறைந்ததைச் செருகி அனுப்புகிறது. அங்கே டீசல் வாசனையும் இல்லை, இஞ்சின் உறுமலும் இல்லை.

அந்த வண்டிகளுக்குச் சற்று அப்பால் நின்ற கப்பலின் புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. கரையில் கட்டியிருக்கும்போதும் கப்பலுக்கு மின்சாரம் வேண்டும். குளிர்பதனப் பெட்டிகள், விளக்குகள், எந்திரக் குழாய்களைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடுகள் என எல்லாவற்றுக்கும் துணை டீசல் ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன. 2030 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கியத் துறைமுகங்களில் நிற்கும் கண்டெய்னர் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் கரை மின்சாரத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2024 முதல் கடல் கப்பல்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கும் அங்கே கட்டணம் உண்டு. உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களால் வருகிறது. அதை 2050 வாக்கில் நிகர சுழியத்துக்குக் கொண்டுவருவதென்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023-இல் இலக்கு வகுத்தது.

புதிய எரிபொருள் என்றதும் மெத்தனால், அம்மோனியா, ஹைட்ரஜன் என்று பேச்சு விரிந்துவிடுகிறது. 2023-இல் மெத்தனாலில் இயங்கும் முதல் கண்டெய்னர் கப்பலான லாரா மேர்ஸ்க் கடலில் இறங்கியது உண்மையிலேயே ஒரு மைல்கல்தான். எனினும், இன்றைக்கே, எந்தப் புதிய கண்டுபிடிப்பும் இல்லாமல் கைக்கொள்ளக்கூடிய வழி வேகத்தைக் குறைப்பது. கப்பலுக்குத் தேவைப்படும் விசைத்திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் திறன் தேவை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். பயண நேரம் கூடுவதைக் கணக்கில் சேர்த்த பின்னரும் அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம். துறைமுகத்தில் இடம் எப்போது காலியாகும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் கப்பல் விரைந்து வந்து நங்கூரம் போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. இதற்கு வேண்டியதெல்லாம் கப்பலுக்கும் முனையத்துக்கும் இடையே நேர்மையான தகவல் பரிமாற்றம்.

செவ்வாய், ராட்டர்டாம்: ஆற்றுக் கப்பல்கள்

மாஸ்ஃப்ளாக்தேயின் புதிய முனையங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோதே துறைமுக ஆணையம் ஒரு நிபந்தனையை எழுதி வைத்தது. உள்நாட்டுக்குப் போகும் கண்டெய்னர்களில் சாலை வழியே செல்பவை காலப்போக்கில் 35 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். 45 விழுக்காடு ஆற்றிலும் 20 விழுக்காடு ரயிலிலும் செல்ல வேண்டும். விருப்பத்தைச் சொல்லும் அறிக்கையாக விட்டுவிடாமல் ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் ஆற்றுக் கப்பலின் நிலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு சிக்கல் தெரிகிறது. இங்கு 110 மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரண ரைன் கப்பல் 3,000 டன் வரை சுமக்கும். நூறு லாரிகளுக்கும் மேற்பட்ட சுமை அது. அத்தகைய கப்பலொன்று வெவ்வேறு முனையங்களில் பத்துப் பெட்டி இங்கே, முப்பது பெட்டி அங்கே என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெரிய கடல் கப்பல் வந்துவிட்டால் கிரேன்கள் முதலில் அதற்குத்தான் போகும். நெரிசல் மிகுந்த காலங்களில் ஆற்றுக் கப்பல்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்திருக்கின்றன. கரையோரம் கப்பலைக் கட்டியிருந்த ஒரு மாலுமியிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. முனையத்துக்கு ஒப்பந்தம் இருப்பது கடல் கப்பல் நிறுவனத்தோடுதான் என்றும், தம்மைப் போன்றவர்களோடு அதற்கு எந்த ஒப்பந்தமும் இல்லாததால் தாம் காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை என்றும் அவர் அமைதியாக விளக்கினார். சரக்கு அனுப்புபவருக்குத் தெரிவதெல்லாம் பெட்டி தாமதமாக வருகிறது என்பது மட்டுமே. அடுத்த முறை அவர் லாரியைக் கூப்பிடுகிறார்.

பயணத்தின் தொடக்கத்திலேயே எனக்குக் கிடைத்த இந்த விளக்கத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். டன்னுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்ற கணக்கில் ஆறு எளிதாக வென்றுவிடும். ஆயினும் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குச் சரக்கு கைமாறும் இடத்தில் யாருக்கும் பொறுப்பில்லை என்றால், அந்த வெற்றி காகிதத்திலேயே நின்றுவிடும்.

இஞ்சினும் மாறத்தான் வேண்டும். ஆற்றுக் கப்பலின் டீசல் இஞ்சின் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியது என்பதால் பழையவை எளிதில் ஓய்வு பெறுவதில்லை. 2021 முதல் ஓடும் ஆல்ஃபெனார் என்னும் கப்பல் இதற்கு ஒரு நல்ல மாற்றைக் காட்டுகிறது. கண்டெய்னர் வடிவிலேயே செய்யப்பட்ட இரண்டு பேட்டரிகளை, ஒவ்வொன்றும் சுமார் 2,000 யூனிட் மின்சாரம் கொள்ளுமளவில், அது தன் தளத்தில் ஏற்றிக்கொள்கிறது. தீர்ந்ததும் கிரேன் அவற்றைச் சரக்குப் பெட்டியைப் போலவே இறக்கிவிட்டுப் புதியவற்றை வைக்கிறது. கப்பல் உரிமையாளர் பேட்டரியை விலைக்கு வாங்காமல் பயன்படுத்திய அளவுக்குப் பணம் கட்டினால் போதும். அல்ஃபென் நகரிலிருந்து மூர்டைக் துறைமுகம் வரையிலான குறுகிய தடத்துக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் வரையிலான 830 கி.மீ. எதிர்நீச்சலுக்கு வழிநெடுக மாற்று நிலையங்கள் அமைய வேண்டும்.

புதன், உத்ரெக்ட்

அரை நாள் மட்டும் இங்கே தங்கினேன். 2025 சனவரி முதல் நெதர்லாந்தின் பல நகரங்களில் சரக்கு வாகனங்களுக்கான புகையற்ற மண்டலங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. உத்ரெக்ட் அவற்றில் ஒன்று. பழைய வண்டிகளுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் உண்டு. புதிதாகப் பதிவாகும் வேன் மண்டலத்துக்குள் நுழைய மின்சாரத்தில் ஓட வேண்டும். நகரின் கால்வாய்களில் 2010 முதலே மின்சாரச் சரக்குப் படகு ஒன்று உணவகங்களுக்குப் பண்டங்களை இறக்கி வருகிறது. கால்வாய் மட்டத்தில் இருக்கும் பழைய நிலவறைகளுக்கு நேராகப் படகைக் கொண்டுபோய் நிறுத்த முடிவதால் குறுகிய தெருக்களில் லாரியை நிறுத்தி வழியடைக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஊரின் அமைப்பே விடை தந்துவிட்டது. நெடுந்தொலைவுக்கு அப்படியொரு எளிய விடை கிடைப்பதில்லை.

வியாழன், எம்மெரிஷ் வழியாக டூஸ்பர்க்

ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் எல்லை வரை சரக்குக்கென்றே கட்டப்பட்ட 160 கி.மீ. இரட்டைப் பாதை பெட்டுவெரூட். 2007-இல் திறக்கப்பட்ட அதற்கு 450 கோடி யூரோவுக்கும் மேல் செலவாயிற்று. அதில் பயணிகள் ரயில் கிடையாது. ஆகவே ஆர்ன்ஹெம் வழியாகப் போகும் வண்டியின் சன்னலிலிருந்து, எல்லைக்கு முன்னால் அது வந்து இணையும் இடத்தை மட்டுமே பார்க்க முடிந்தது. எல்லையைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. எம்மெரிஷிலிருந்து ஓபர்ஹவுசன் வரையிலான 73 கி.மீ. ஜெர்மன் பகுதியில் மூன்றாவது தண்டவாளம் போடும் வேலை இன்னும் முடியவில்லை. மண் குவியல்கள், புதிய பாலத்தின் தூண்கள், இரைச்சல் தடுப்புச் சுவர்கள் என வழியெங்கும் வேலை நடக்கிறது. இரு நாடுகளும் இதற்கென உடன்பாடு கையெழுத்திட்டது 1992-இல். ஒரு நாடு தன் பாதியை 2007-இல் முடித்துவிட்டு, மறுபாதிக்காக இத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறது.

டூஸ்பர்க் உலகின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம். ரூர் ஆறு ரைனில் கலக்கும் இடத்தில் நிலக்கரிக்காகவும் எஃகுக்காகவும் வளர்ந்த ஊர் அது. நிலக்கரித் தீவு என்றே பெயர் பெற்ற இடத்தில் இப்போது கண்டெய்னர் முனையம் எழுந்துள்ளது. ஆற்றின் மறுகரையில், ரைன்ஹவுசனில், 1993-இல் மூடப்பட்ட எஃகாலை நிலம் இப்போது சரக்கு மையமாக இருக்கிறது. நிலக்கரி ஏற்றிய இடத்திலேயே குறைந்த கரிக்கான ஏற்பாடுகள் நடப்பதைப் பார்க்க நிறைவாக இருந்தது.

வேலியோரமாக நின்று ஒரு சரக்கு ரயில் கோக்கப்படுவதை நெடுநேரம் பார்த்தேன். ஆரஞ்சு மேலுடை அணிந்த தொழிலாளி, இரண்டு வேகன்களின் மோதல் தாங்கிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றதும், குனிந்து அவற்றுக்கு நடுவே நுழைகிறார். தொங்கும் கனமான இரும்புக் கண்ணியை இரு கையாலும் தூக்கி எதிர் வேகனின் கொக்கியில் மாட்டுகிறார். நடுவிலுள்ள திருகைச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறார். பிறகு காற்றுக் குழாய்களை இணைத்து, இரு புறத்துக் குமிழ்களையும் திறந்துவிட்டு, மறுபடி குனிந்து வெளியே வருகிறார். அடுத்த வேகன், மீண்டும் அதே வேலை. மழையிலும் பனியிலும் இரவிலும் இப்படித்தான். அமெரிக்காவில் தானியங்கி இணைப்பியைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893-இல் வந்தது. ஐரோப்பாவின் பெரும்பாலான சரக்கு வேகன்கள் இன்றும் மனிதக் கையால்தான் இணைக்கப்படுகின்றன. இணைக்கும்போதே காற்றும் மின்சாரமும் தகவலும் தாமாகச் சேர்ந்துவிடும் டிஜிட்டல் தானியங்கி இணைப்பிகளைச் சோதித்து வருகிறார்கள். ஆனால் இலட்சக்கணக்கான வேகன்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் மாற்றியாக வேண்டும் என்பதால் செலவை யார் ஏற்பது என்ற இடத்தில் பேச்சு தடைப்படுகிறது. சுவிட்சர்லாந்து தன் உள்நாட்டுக் கண்டெய்னர் ரயில்களில் 2019-லேயே தானியங்கி இணைப்பிக்கு மாறத் தொடங்கிவிட்டது. என் பார்வையில், புதிய எரிபொருள்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு இந்தக் கொக்கிக்குக் கிடைத்திருந்தால் ரயில் சரக்கு இன்று வேறு நிலையில் இருந்திருக்கும்.

வெள்ளி, காவுப்

ரைனின் கரையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எண் பலகை உண்டு. கான்ஸ்டன்ஸ் பாலத்தில் சுழியத்தில் தொடங்கி, கடலருகே ஆயிரத்தைத் தாண்டி முடியும் அந்த வரிசையில், 546-ஆவது கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது காவுப். இருபுறமும் செங்குத்தான திராட்சைச் சரிவுகள், ஆற்றின் நடுவே பாறை மேல் ஒரு சிறு கோட்டை. சுற்றுலாப் பயணிகள் கோட்டையைப் படம் எடுக்கிறார்கள். கப்பல்காரர்களுக்கோ இந்த ஊர் கரையோரம் நிற்கும் நீர்மட்ட அளவுகோலால் முக்கியம். இந்தப் பகுதியில் ஆறு ஆழம் குறைந்து பாறைப்பாங்காக இருப்பதால், காவுப் காட்டும் எண்ணைப் பொறுத்தே ராட்டர்டாமிலிருந்து மேலே செல்லும் கப்பல் எத்தனை டன் ஏற்றலாம் என்பது முடிவாகிறது.

2018 அக்டோபரில் அந்த எண் 25 செ.மீ. வரை இறங்கியது. கோட்டைக்குக் கால்நடையாகவே போக முடிந்தது. அளவுகோலில் 25 என்றால் கப்பல் வழியின் ஆழமும் 25 என்று பொருளல்ல. வழியின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கூடுதலாக இருக்கும். ஆயினும் முழுச் சுமையோடு மூன்று மீட்டர் வரை அமிழும் கப்பலுக்கு அது எம்மாத்திரம்? 2022 ஆகஸ்டிலும் அளவு 40 செ.மீ.க்குக் கீழே போயிற்று. அத்தகைய நாள்களில் கப்பல் தன் கொள்ளளவில் சிறு பங்கை மட்டுமே ஏற்றிக்கொண்டு செல்கிறது. அதே சரக்குக்கு மூன்று நான்கு கப்பல்கள் வேண்டும். டன்னுக்கு ஆகும் எரிபொருளும் அதற்கேற்ப ஏறும். மிஞ்சியது ரயிலையோ லாரியையோ தேடும். ரயிலில் இடமில்லை என்றால் சாலைதான். வெப்பமாதலைக் குறைக்க நாம் நம்பும் வழியையே வெப்பமாதல் வற்றச் செய்கிறது என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

லூட்விக்ஸ்ஹாஃபெனிலுள்ள பெரிய வேதியியல் ஆலைக்கு 2018-இன் அனுபவம் கடும் இழப்பைத் தந்தது. அதன் விளைவாக, தாழ்ந்த நீரிலும் மிதக்கும்படி அகலமாகவும் எடை குறைவாகவும் வடிவமைத்த 135 மீட்டர் நீளக் கப்பலொன்று 2023-இல் ஓடத் தொடங்கியது. காவுப் அளவு 30 செ.மீ. காட்டும்போதும் அது சுமார் 800 டன் கொண்டுசெல்லும். ஆற்றை ஆழப்படுத்துவதா, கப்பலை மாற்றுவதா என்ற விவாதம் இங்கே நீண்டகாலமாக நடக்கிறது. பாறையை வெட்டினால் மீன்களின் வாழிடம் கெடும் என்பதால், இயன்றவரை கப்பலை மாற்றுவதே முதலில் செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊருக்கும் மலைக்கும் நடுவே ரயில் பாதை. ஆற்றின் இரு கரையிலும் பாதை உண்டு. இந்தக் கரையில் பெரும்பாலும் சரக்கு வண்டிகள். வீட்டுச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. நான் பேசிய ஒரு முதியவர், முன்பெல்லாம் கோடையிலும் சன்னலைத் திறந்து வைத்து உறங்க முடியாது என்றார். பழைய வார்ப்பிரும்புத் தடைக்கட்டைகள் ஒவ்வொரு முறை அழுந்தும்போதும் சக்கரத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். அந்தச் சொரசொரப்புதான் ஓடும்போது இரைச்சலாகிறது. கலவைப் பொருளாலான கட்டைகளைப் பொருத்தினால் சக்கரம் வழவழப்பாக இருக்கும். இரைச்சல் 10 டெசிபெல் வரை, அதாவது காதுக்குப் பாதியாக, குறையும். 2020 டிசம்பர் முதல் இரைச்சல் மிகுந்த சரக்கு வேகன்களுக்கு ஜெர்மன் தண்டவாளங்களில் அனுமதி இல்லை. நிலைமை மேம்பட்டிருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் இரவில் வண்டிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றார். சரக்கை ரயிலுக்கு மாற்றுங்கள் என்று தொலைவிலிருந்து சொல்பவர்கள், அந்த ரயில் யாருடைய தலையணைக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சனி, ராஷ்டாட்

கார்ல்ஸ்ரூவேயிலிருந்து பாசல் செல்லும் வழியில் இறங்கி ஏறிய ஊர். 2017 ஆகஸ்ட் 12-ஆம் நாள், ஓடிக்கொண்டிருந்த பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது மண் இறங்கித் தண்டவாளம் வளைந்தது. நாளொன்றுக்குச் சுமார் 200 சரக்கு ரயில்கள் செல்லும் அந்த வழி அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. மாற்றுப் பாதைகள் வரைபடத்தில் இருந்தன. பிரான்ஸ் வழியே போகலாம். ஆனால் அங்கு ஓட்டுவதற்குப் பிரெஞ்சு மொழியும் அந்தப் பாதையின் பழக்கமும் உள்ள ஓட்டுநர் வேண்டும், அந்நாட்டு மின் அமைப்புக்கும் சைகை முறைக்கும் ஏற்ற இஞ்சின் வேண்டும். இவை போதிய அளவில் கிடைக்கவில்லை. லாரி ஓட்டுநர் எல்லையில் தன் வண்டியையும் மாற்றுவதில்லை, புதிய மொழித் தேர்வும் எழுதுவதில்லை. அந்த வாரங்களில் சாலைக்குப் போன வாடிக்கையாளர்களைத் திரும்ப அழைத்து வருவது எவ்வளவு கடினம் என்பதை ரயில் சரக்குத் துறையினர் இன்றும் சொல்கிறார்கள். கார்ல்ஸ்ரூவே முதல் பாசல் வரை நான்கு தண்டவாளங்களாக விரிவாக்கும் பணி 2040-களில்தான் முழுமை பெறும் எனத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

ஞாயிறு, பாசல்

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஞாயிற்றுக்கிழமை கனரக லாரிகளுக்குத் தடை உண்டு. நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடக்க, ஆற்றில் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. கடலிலிருந்து இஃபெட்ஸ்ஹைம் வரை தடையின்றி வரும் ஆறு, அதன் பிறகு பாசல் வரை பத்து அணைகளால் படிகளாக்கப்பட்டிருக்கிறது; கப்பல்கள் மடைத்தொட்டிகளுக்குள் நுழைந்து நீர் நிரம்ப நிரம்ப உயர்ந்து மேலே வருகின்றன. 1868-இன் மன்ஹைம் உடன்பாடு இந்த ஆற்றில் கப்பல் போக்குவரத்தை எல்லா நாட்டவருக்கும் திறந்துவிட்டது. கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் இறக்குமதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாசலின் ஆற்றுத் துறைமுகம் வழியே வருகிறது.

கப்பல், ரயில், லாரி மூன்றும் ஒரே இடத்தில் சரக்கு மாற்றிக்கொள்ளும் புதிய முனையம் ஒன்றைப் பாசலில் கட்டத் திட்டம் உண்டு. அதற்கான துறைப் படுகைக்கு வாக்காளர்கள் 2020 நவம்பரில் ஒப்புதல் அளித்தனர். ஆனால் அதற்கெனக் குறித்த பழைய ரயில் யார்டில், பல ஆண்டுகளாக மனிதக் கை படாததால், அரிய செடிகளும் பூச்சிகளும் பல்லிகளும் குடிகொண்டுள்ளன. இயற்கை ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். இரு தரப்பின் கவலையும் உண்மையானது. சுற்றுச்சூழலுக்காகச் செய்யும் கட்டுமானமும் ஒரு சுற்றுச்சூழலை அழிக்கக்கூடும் என்பதை மறைக்காமல் பேசியாக வேண்டும்.

திங்கள், எர்ஸ்ட்ஃபெல்ட்: கோத்தார்ட் வடவாயில்

இந்தத் தடத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த இடம் இது. எர்ஸ்ட்ஃபெல்ட் நிலையத்தருகே 1920-களின் நீண்ட மூக்குள்ள பழுப்பு நிற மின்சார இஞ்சின் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் திண்டாடிய சுவிஸ் ரயில்வே, மலை அருவிகளிலிருந்து மின்சாரம் எடுத்து, ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலி நோக்கிச் செல்லும் கோத்தார்ட் பாதையை 1920 முதல் 1922-க்குள் மின்மயமாக்கியது. இன்றும் அந்நாட்டு ரயில்களின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம்.

1994-இல், ஆல்ப்ஸைக் கடந்து செல்லும் வெளிநாட்டுச் சரக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று சுவிஸ் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். 51.9 விழுக்காட்டினரே ஆதரித்த அந்த முடிவை, பின்வந்த அரசுகள் ஏட்டளவில் விட்டுவிடாமல் செயல்படுத்தியதுதான் பெரிய செய்தி. 2001 முதல் ஒவ்வொரு கனரக லாரியும் ஓடும் தூரம், எடை, புகை வகுப்பு மூன்றையும் பொறுத்துக் கட்டணம் செலுத்துகிறது. நெடுஞ்சாலை, சிறு சாலை என்ற வேறுபாடு இல்லை. அந்த வருவாயின் பெரும்பகுதி புதிய ரயில் சுரங்கங்களுக்குப் போயிற்று. 57 கி.மீ. நீளமுள்ள கோத்தார்ட் அடிவாரச் சுரங்கம் 2016-இலும், செனெரி சுரங்கம் 2020-இலும் திறக்கப்பட்டன. 1882-இன் பழைய பாதை 1,151 மீட்டர் உயரம் வரை வளைந்து வளைந்து ஏற வேண்டியிருந்தது. கனமான வண்டிகளுக்கு எர்ஸ்ட்ஃபெல்டில் கூடுதல் இஞ்சின் பூட்டுவார்கள். புதிய சுரங்கத்தின் உச்சியே சுமார் 550 மீட்டர்தான். சமதளத்தில் போவது போல ஒரே இஞ்சின் இழுத்துச் செல்லும் வண்டிகள் மலைக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2000-இல் ஆண்டுக்குச் சுமார் 14 இலட்சம் லாரிகள் சுவிஸ் ஆல்ப்ஸைக் கடந்தன. அண்மை ஆண்டுகளில் அது 8.5 முதல் 10 இலட்சத்துக்குள் இருக்கிறது. ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் பத்தில் ஏழு பங்கு ரயிலில் செல்கிறது. சட்டம் வைத்த இலக்கான 6.5 இலட்சம் இன்னும் எட்டப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள கனரக வாகனச் சோதனை மையத்தில் லாரிகளை எடைபோட்டு, பிரேக்கையும் டயரையும் சோதித்து, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சாலைச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறார்கள். 2001 அக்டோபரில் இரு லாரிகள் மோதி எழுந்த தீயில் 11 பேர் அந்தச் சுரங்கத்தில் இறந்த பிறகு வந்த ஒழுங்கு இது.

ரயிலுக்கும் விபத்து நேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 10 அன்று கோத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தில் ஒரு வேகனின் சக்கரம் உடைந்து, தடம்புரண்ட வண்டி பல கிலோமீட்டர் தண்டவாளத்தை நாசமாக்கியது; சுரங்கம் முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் 2 ஆயிற்று. இரட்டைக் குழாய்களில் ஒன்று தப்பியதால் சரக்கு வண்டிகள் இரண்டு வாரத்துக்குள்ளேயே மீண்டும் ஓடத் தொடங்கின. ராஷ்டாட்டில் கிடைக்காத மாற்று வழி இங்கே கட்டும்போதே வைக்கப்பட்டிருந்தது. வழக்கமான நாள்களில் உபரியாகத் தெரியும் பாதைதான் இத்தகைய நாள்களில் சரக்கைச் சாலைக்குப் போகாமல் பிடித்து வைக்கிறது. அதற்குச் செலவிடுவதை வீண் என்று எண்ணும் கணக்கு முறையை மாற்றாமல் பசுமைச் சரக்கு பற்றிப் பேசிப் பயனில்லை.

செவ்வாய், புஸ்தோ அர்சீத்சியோ

மிலான் நகருக்கு வடமேற்கே உள்ள இந்த முனையம் ஐரோப்பாவின் மிகப் பெரிய ரயில்–சாலை மாற்று முனையங்களில் ஒன்று. கிரேன் நான்கு நீண்ட கைகளை இறக்கி, லாரியின் டிரெய்லரை அடிப்பக்கத்தில் மஞ்சள் பூசிய இடங்களில் பற்றி, சரக்கோடு சேர்த்தே தூக்குகிறது. தாழ்ந்த பள்ளமுள்ள வேகனுக்குள் சக்கரங்கள் இறங்கி அமர்ந்ததும், முன்புற ஆணி பூட்டில் விழும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. மேல் மூலை நான்கு மீட்டர் உயரமுள்ள டிரெய்லர்கள் வடக்கிலிருந்து இங்கு வரை வர வேண்டுமானால் வழியிலுள்ள ஒவ்வொரு சுரங்கமும் அந்த உயரத்துக்கு இடம் தர வேண்டும். அதற்காக இத்தாலிய மண்ணில் நடந்த வேலைகளுக்கும் சுவிட்சர்லாந்து பணம் கொடுத்தது.

இருந்தும், ஐரோப்பாவில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றைக் கிரேனால் தூக்க முடியாது. அடிச்சட்டத்தில் அதற்கான வலு இல்லை. முழு லாரியையும் ஓட்டுநரோடு ஏற்றிச் சென்று, அவர் படுத்துறங்க ஒரு பெட்டியும் தந்த ஃபிரைபர்க்–நோவாரா ரயில் சேவையை, பாதை வேலைகளாலும் ரத்துகளாலும் தாக்குப்பிடிக்க முடியாமல், திட்டமிட்டதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக 2025 முடிவில் நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

லாரிகளும் மாறி வருகின்றன. புதிய கனரக வாகனங்களின் கரியமில வாயுவை 2019-ஐ ஒப்பிட 2030-இல் 45 விழுக்காடும் 2040-இல் 90 விழுக்காடும் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியிருக்கிறது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம் என்பதால், அந்த ஓய்விலேயே மின்னேற்றிக்கொள்ள முடியும் என்று இங்கு நின்ற ஓட்டுநர் ஒருவர் சொன்னார். ஓய்விடங்களில் போதிய மின் இணைப்பு வர வேண்டும் என்பதே அவருடைய கவலை. முனையத்திலிருந்து ஆலை வரையிலான ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மின்சார லாரி, மலையைக் கடக்க ரயில் என்ற சேர்க்கையே இங்கு எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. ஒன்றியத்தில் லாரிகள் ஓடும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் வண்டியாகவே கழிகிறது. இஞ்சினை மாற்றினாலும் அந்த வெற்றோட்டம் தானாகக் குறையாது.

இங்கிருந்து தெற்கே, ஜெனோவாவுக்குப் பின்னாலுள்ள மலையைத் துளைத்து 53 கி.மீ. புதிய பாதை கட்டப்பட்டு வருகிறது. சூயஸ் கால்வாய் வழியே வரும் ஆசியச் சரக்கில் பெரும்பகுதி, சுவிட்சர்லாந்துக்கோ தென் ஜெர்மனிக்கோ போக வேண்டியதாக இருந்தாலும், ஜிப்ரால்டரைச் சுற்றி வட கடலுக்குப் போய், அங்கிருந்து நான் வந்த வழியே தெற்கு நோக்கி இறங்குகிறது. ஜெனோவாவின் ரயில் பாதை செங்குத்தாகவும் குறுகலாகவும் இருப்பது அதற்கொரு காரணம். புதிய பாதை முடிந்து, நீளமான வண்டிகள் துறைமுகத்திலிருந்து நேரே கோத்தார்டை நோக்கிப் புறப்பட முடிந்தால், அந்தச் சரக்குக்குப் பல நாள் கடல் ஓட்டமும் அதற்கான எரிபொருளும் மிச்சமாகும்.